கிங்ஸ் லின் துறைமுகத்தை வீழ்த்தியது ஆற்று வண்டலா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கிங்ஸ் லின், இடைக்காலத்தில் நாட்டின் முன்னணித் துறைமுகங்களில் ஒன்று என்று படித்திருக்கிறீர்கள். இன்று அது ஒரு நடுத்தர ஊர். ஆறு தூர்ந்துபோனதுதான் காரணமா, அமெரிக்க வணிகம் மேற்குக் கரைக்குப் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். கூடவே ஜான் மன்னர் புதையலைத் தொலைத்த கதை உண்மையா, ஷேக்ஸ்பியர் அங்கே நடித்தாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலேயத் துறைமுகங்களின் பொருளாதார வரலாற்றைப் பல ஆண்டுகள் படித்தும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டல் அந்தத் துறைமுகத்துக்கு எப்போதும் இருந்த தொல்லை. ஆனால் அதை வீழ்த்தியது வண்டல் இல்லை. லின் வளர்ந்ததும் சிறுத்ததும் அதன் முதுகுப்புறம் இருந்த ஆறுகளாலும், அந்த ஆறுகள் தொட்ட நிலப்பரப்பாலும்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்.

ஊர் உருவானது உப்பால். வாஷ் என்ற பெரிய, ஆழமில்லாத விரிகுடாவின் தெற்கு மூலையில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே லின் இருக்கிறது. நம் ஊர் உப்பளங்களைப் போல வெயிலில் காயவைக்கும் முறை அங்கே சரிவராது. கடல் ஏறி இறங்கும் கரையில் உப்பு படிந்த வண்டலைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் விட்டு அலசி, அந்த உப்புநீரைக் காய்ச்சுவார்கள். அலசிய பின் மிஞ்சும் மண்ணை ஓரமாகக் குவிப்பார்கள். அந்தக் குவியல்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து மேடானதும், அதன்மேல் வீடு கட்டக்கூடிய நிலம் கிடைத்தது. நார்விச்சின் முதல் பிஷப்பான ஹெர்பர்ட் டி லொசிங்கா 1101இல் அங்கே புனித மார்கரெட் தேவாலயத்தை நிறுவினார். அதை ஒட்டிச் சனிக்கிழமைச் சந்தை கூடியது. அரை நூற்றாண்டுக்குள் அந்த இடம் போதாமல் போய், வடக்கே இன்னொரு பகுதியை உருவாக்கிச் செவ்வாய்க்கிழமைச் சந்தையைத் தொடங்கினார்கள். அந்த இரண்டு சந்தைத் திடல்களும் அதே பெயர்களில் இன்றும் இருக்கின்றன. 1204இல் ஜான் மன்னர் நகர உரிமைச் சாசனம் கொடுத்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் துறைமுகச் சரக்கின்மேல் பதினைந்தில் ஒரு பங்கு வரி வசூலித்தார்கள். அந்தக் கணக்கில் லண்டன், பாஸ்டன் (அமெரிக்காவில் இருப்பது இல்லை, இங்கிலாந்தின் கிழக்குக் கரை ஊர்), சவுத்தாம்ப்டன், லிங்கன் ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாவது இடத்தில் நிற்பது லின். இது கதையில்லை, அரசின் வரிக் கணக்கு.

இந்த வளர்ச்சியின் கறை படிந்த பக்கத்தையும் சொல்லவேண்டும். 1190இன் தொடக்கத்தில், சிலுவைப்போர் வெறி பரவியிருந்த நாட்களில், லின்னில் வாழ்ந்த யூதர்கள் தாக்கிக் கொல்லப்பட்டார்கள், அவர்களுடைய வீடுகள் சூறையாடப்பட்டன. செய்தவர்கள் கப்பலேறிப் போய்விட்ட வெளியூர்க்காரர்கள் என்று ஊரார் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் பதிவுசெய்திருக்கிறார். துறைமுக ஊர்களில் இப்படிப் பழியைக் கடல்மேல் போட்டுவிடுவது எளிது. நான் அந்த வாக்குமூலத்தை அப்படியே ஏற்கமாட்டேன்.

அப்புறம்தான் எல்லாவற்றையும் மாற்றிய நிகழ்வு வருகிறது. 13ஆம் நூற்றாண்டுக்கு முன் கிரேட் ஊஸ் ஆற்றின் பெரும்பங்கு நீர் லின் வழியாக வரவில்லை. மேற்கே விஸ்பெக் வழியாகக் கடலுக்குப் போனது. விஸ்பெக் கழிமுகம் வண்டலால் அடைபட, அந்த நூற்றாண்டில் ஆறு லின் பக்கம் திரும்பியது. இது தானாக நடந்ததா, இடையில் மனிதர் வெட்டிய கால்வாய் ஒன்று ஆற்றை இழுத்துவிட்டதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. இயற்கை பாதி, மண்வெட்டி பாதி என்பது என் ஊகம். ஆனால் விளைவில் சந்தேகமில்லை. கேம்பிரிட்ஜ், ஹண்டிங்டன், செயின்ட் ஐவ்ஸ், தெட்ஃபர்ட் போன்ற ஊர்களை எல்லாம் தொட்டுவரும் நீர்வழிகளின் வாசல் லின் ஆகிவிட்டது. வண்டிப்பாதைகள் சேறாகக் கிடந்த காலத்தில் பாரமான சரக்கு தண்ணீரில்தான் நகர முடியும். நல்ல நெல் வயலுக்குக் கடைமடை வாய்க்கால் எப்படியோ, அப்படித்தான் உள்நாட்டு ஆறுகள் அந்தத் துறைமுகத்துக்கு. நீங்கள் வண்டலைப் பற்றிக் கேட்டீர்களே, விஸ்பெக்கை அடைத்த வண்டல்தான் லின்னைப் பெரிய துறைமுகமாக்கியது என்பதை இங்கே கவனியுங்கள்.

அந்த வாசல் வழியாகப் போனவை ஆட்டுரோமம், துணி, தானியம், உப்பு. வந்தவை நார்வேயிலிருந்து காற்றில் உலர்த்திய காட் மீன், பால்டிக் கரையிலிருந்து மரம், மெழுகு, கீல் என்ற தார், மயிர்த்தோல், பிரான்சின் கஸ்கனியிலிருந்து திராட்சை மது. பால்டிக் வணிகத்தில் பெரும்பங்கு ஹன்சா என்ற வட ஜெர்மானிய நகரங்களின் கூட்டமைப்பின் கையில் இருந்தது. லூபெக், டான்சிக் போன்ற ஊர்களின் வணிகர்கள் லின்னுக்கு வந்துபோனார்கள். லின் வணிகர்களும் அங்கே போய்த் தங்கினார்கள். இந்த உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததில்லை. இரு பக்கமும் சரக்கைப் பறித்துக்கொண்டதும் சிறைபிடித்ததும் உண்டு. 1470 வாக்கில் முழு அளவில் கடல்சண்டையே மூண்டது. 1474இல் உட்ரெக்ட் ஒப்பந்தம் அதை முடித்துவைத்தது. அதன்படி ஹன்சா வணிகர்களுக்கு லின்னில் ஒரு கிடங்கு கிடைத்தது. 1475 வாக்கில் எழுந்த அந்தக் கட்டடம், புனித மார்கரெட் தேவாலயத்துக்கு எதிரே, நடுவில் முற்றம் விட்ட நீளமான கிடங்காக இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் ஹன்சா கட்டடம் இது ஒன்றுதான். 1751 வரை அது அவர்கள் உடைமையாகவே இருந்தது என்பது எனக்கு இப்போதும் வியப்பான செய்தி. ஹன்சாவின் செல்வாக்கு ஒடுங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் சொத்துப் பத்திரம் மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது.

அந்தக் காலத்து லின் எப்படி இருந்தது என்று உணர மார்ஜரி கெம்பை விடச் சிறந்த வழிகாட்டி இல்லை. 1373 வாக்கில் பிறந்தவர், ஐந்து முறை மேயராக இருந்த ஒரு வணிகரின் மகள். மது காய்ச்சும் தொழில் செய்து நொடித்துப்போய், பிறகு பக்திப் பித்தில் எருசலேம் வரை புனித யாத்திரை போனவர். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூலை ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறு என்று பலரும் கருதுகிறார்கள். அதன் கையெழுத்துப் பிரதி வெகுகாலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து 1934இல்தான் அடையாளம் காணப்பட்டது. 1421இல் ஊரின் திரித்துவ வணிகக் குழு மண்டபத்தை எரித்த தீயைப் பற்றி அவர் பேசுகிறார். அந்தக் குழு பணக்காரக் குழு. உடனே மண்டபத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கியது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமான முகப்போடு அது இன்று நகர மண்டபமாக இருக்கிறது. 1377 தலைவரிக் கணக்கின்படி லின் நாட்டின் முதல் பத்து நகரங்களுக்குள் வந்துவிடும்.

முதல் சரிவு இதற்குப் பின் வந்தது. ஆட்டுரோமத்தை அப்படியே ஏற்றுமதி செய்வது குறைந்து, நெய்த துணியாக அனுப்புவது கூடியது. அந்தத் துணி வணிகம் மேலும் மேலும் லண்டனில் குவிந்தது. வாஷ் விரிகுடாவின் இன்னொரு பக்கம் இருக்கும் பாஸ்டன் இதில் மிகவும் அடிபட்டது, ஏனென்றால் அது ரோமத்தையே பெரிதும் நம்பியிருந்தது. லின் அந்த அளவுக்கு விழவில்லை. ரோமம் போனாலும் அதன் ஆறுகளின் கரையில் தானியம் விளைந்தது, அந்த ஊர்களுக்கு எரிபொருள் வேண்டியிருந்தது. 1537இல் எட்டாம் ஹென்றி ஊரைப் பிஷப்பின் பிடியிலிருந்து எடுத்துக்கொண்டதும் பிஷப்ஸ் லின் என்ற பெயர் கிங்ஸ் லின் ஆனது. வணிகர்களைப் பொறுத்தவரை வரி வாங்கும் கை மாறியது, அவ்வளவே.

உண்மையில் துறைமுகத்தின் இரண்டாவது பெரிய காலம் 17, 18ஆம் நூற்றாண்டுகள். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. இடைக்காலப் பெருமையைச் சொல்லி நேரே இன்றைக்குத் தாவிவிடுகிறார்கள். நியூகாசிலிலிருந்து நிலக்கரி வந்து லின்னில் இறங்கி, தட்டையான படகுகளில் ஏறும். ஐந்தாறு படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, கரையில் குதிரை இழுக்க, கேம்பிரிட்ஜ் வரையும் பெட்ஃபர்ட் வரையும் போகும். திரும்பி வரும்போது தானியம். 1720களில் நாட்டைச் சுற்றி எழுதிய டேனியல் டீஃபோ, லின் ஆறு கவுண்டிகளுக்கு (நம் மாவட்டங்களைப் போன்றவை) முழுமையாகவும் மூன்றுக்குப் பகுதியாகவும் சரக்கு அனுப்புகிறது என்றும், லண்டனை விட்டால் இவ்வளவு பரந்த உள்நாட்டு நீர்வழி வேறு எந்த ஆங்கிலத் துறைமுகத்துக்கும் இல்லை என்றும் குறித்திருக்கிறார். டீஃபோ சில இடங்களில் கேள்விப்பட்டதை மிகைப்படுத்துவார். ஆனால் இந்த விஷயத்தில் சுங்கக் கணக்குகள் அவர் பக்கமே நிற்கின்றன. 1683இல் ஹென்றி பெல் வடிவமைத்த வணிகர் கூடம் பின்னர் சுங்க மாளிகை ஆனது. ஓர் ஓடை ஆற்றில் சேரும் விளிம்பில், கூரையில் சின்னக் கோபுரத்தோடு நிற்கும் அந்தக் கட்டடத்தை நான் இங்கிலாந்தின் மிக அழகான துறைமுகக் கட்டடம் என்றே சொல்வேன். அங்கே சுங்கத் துணை அதிகாரியாக இருந்தவரின் மகன்தான் 1757இல் பிறந்த ஜார்ஜ் வான்கூவர், வட அமெரிக்காவின் பசிபிக் கரையை அளந்து வரைந்தவர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லின்னிலிருந்து கிரீன்லாந்துக் கடலுக்குத் திமிங்கில வேட்டைக்கும் கப்பல்கள் போயின.

இனி வண்டலுக்கு வருவோம், உங்கள் கேள்வியின் மையம் அதுதானே. லின்னுக்குத் தெற்கே பரந்து கிடந்த ஃபென் சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்க 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் கொர்னேலியஸ் வெர்முய்டன் வந்தார். நேர்க்கோடாக ஆறுகளை வெட்டி, 1651இல் லின்னுக்கு மேலே டென்வர் என்ற இடத்தில் ஒரு கதவணை கட்டினார்கள். கடல் ஏறும்போது கதவு மூடிக்கொள்ளும். இறங்கும்போது உள்நீர் வெளியேறும். வயல்காரர்களுக்கு இது நல்லதுதான். துறைமுகத்துக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். வாஷில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் 6 மீட்டரைத் தாண்டும். கதவணைக்கு முன் அந்த நீர் ஆற்றில் வெகுதூரம் உள்ளே ஏறி, திரும்ப இறங்கும்போது வேகமாக ஓடி அடிமண்ணை அரித்துக் கடலுக்குத் தள்ளும். துறைமுகத்தை ஆழமாக வைத்திருந்தது அந்த அரிப்புதான். கதவு மூடியதும் ஏறும் நீரின் அளவு குறைகிறது, எனவே இறங்கும் நீரின் வலுவும் குறைகிறது, கடல் கொண்டுவந்த வண்டல் அங்கேயே படிகிறது. லின் வணிகர்கள் இதைத் தொடர்ந்து சொல்லிப் போராடினார்கள். 1713இல் வெள்ளமும் கடலும் சேர்ந்து அந்தக் கதவணையை உடைத்தெறிந்தன. வயல்காரர்கள் தவித்தார்கள். அந்த நூற்றாண்டின் நடுவில் அதைத் திரும்பக் கட்டினார்கள். வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

இயற்பியலில் லின் வணிகர்கள் சொன்னது சரி. கழிமுகங்களைப் பற்றிப் பிற்காலத்தில் தெரிந்தவை அதை உறுதிப்படுத்துகின்றன. ஆனால் தங்கள் துறைமுகத்தின் எல்லாக் குறைக்கும் கதவணையே காரணம் என்று அவர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. வாஷ் அதற்கு முன்பும் தூர்ந்துகொண்டுதான் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டிய கரை இப்போது கட்டடங்களுக்கு அடியில் கிடக்கிறது. ஆறு மேற்கே ஒதுங்க ஒதுங்க ஊர் அதைத் துரத்திக்கொண்டே கிடங்குகளைக் கட்டியது. இன்னொன்று, இதுதான் என் முக்கியமான ஆதாரம்: கதவணையைத் திரும்பக் கட்டிய பிறகும் 18ஆம் நூற்றாண்டில் லின் வணிகம் செழித்தது. வண்டல் துறைமுகத்தைக் கொன்றிருந்தால் அப்போதே கொன்றிருக்க வேண்டும். 1821இல் ஊருக்குச் சற்று மேலே ஆற்றின் பெரிய வளைவை நேராக்கும் ஈ பிரிங்க் கால்வாயைத் திறந்தார்கள். முதலில் வெட்டிய அகலம் போதாமல் மறுபடி அகலப்படுத்தினார்கள். 1850களில் ஊருக்குக் கீழே கடல் வரைக்கும் இன்னொரு நேர்க்கால்வாய் வெட்டினார்கள். ஆக, கப்பல் பாதை மேம்பட்ட அதே காலத்தில்தான் துறைமுகம் தேய்ந்தது.

காரணம் 1846-47இல் லின்னுக்கு வந்த ரயில். அதற்கு முன்பே கேம்பிரிட்ஜுக்கு ரயில் வந்துவிட்டது. நாட்டின் நடுப்பகுதிச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி நேராகத் தண்டவாளத்தில் ஏறி அந்த ஊர்களுக்குப் போக ஆரம்பித்ததும், கடல் வழியாக வந்து லின்னில் இறங்கிப் படகில் ஏறவேண்டிய தேவையே போனது. தானியமும் ரயிலில் லண்டனுக்குப் போனது. நூற்றாண்டுகளாக லின்னின் வாசலைத் தட்டிய ஊர்கள் வேறு வாசலைக் கண்டுகொண்டன. 1851க்கும் 1861க்கும் இடையில் ஊரின் மக்கள்தொகையே குறைந்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரு நகரம் சிறுப்பது சாதாரண விஷயமில்லை.

மேற்குக் கரைக்கு வணிகம் போனது பற்றி: பிரிஸ்டலும் லிவர்பூலும் அமெரிக்க வணிகத்தால், அதில் அடிமை வணிகத்தாலும், வளர்ந்தது உண்மை. ஆனால் லின் வடகடலையும் பால்டிக்கையும் பார்த்தே பிழைத்த துறைமுகம், அதன் சரக்கை லிவர்பூல் பறிக்கவில்லை. ஹல் நகரத்தைப் பாருங்கள். அதுவும் கிழக்குக் கரை, அதே கடல், அதே பால்டிக் மரம். 1204 வரிக் கணக்கில் அது லின்னுக்குக் கீழே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது மிகப் பெரிய துறைமுகம். ஹம்பர் கழிமுகத்துக்குப் பின்னால் யார்க்‌ஷயரின் ஆலைகளும் சுரங்கங்களும் எழுந்தன. லின்னுக்குப் பின்னால் கோதுமை வயலும் வடிகாலும்தான் இருந்தன. ரயில் வந்தபோது ஹல்லுக்கு அது கூடுதல் கை, லின்னுக்குப் போட்டியாளர்.

லின் சும்மா இருந்துவிடவில்லை. கடல் இறங்கினாலும் கப்பல் மிதந்து நிற்க, கதவு வைத்த அலெக்ஸாண்ட்ரா கப்பல்துறையை 1869இலும் பென்டிங்க் கப்பல்துறையை 1883இலும் திறந்து, ரயிலையும் அதன் ஓரத்துக்கே கொண்டுவந்தார்கள். அவை இன்றும் இயங்குகின்றன. தானியமும் மரமும் வந்துபோகின்றன. எனவே ‘துறைமுகம் செத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் அது தவறு. வணிகம் மெலிந்ததால் பழைய கட்டடங்களை இடிக்கப் பணமில்லாமல் அவை தப்பின என்பதும் பாதி உண்மைதான். 1960களில், லண்டன் மக்களைக் குடியேற்றும் திட்டத்தோடு, மையப் பகுதியில் நிறைய இடித்துத் தள்ளினார்கள். மீனவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த வடமுனைத் தெருக்கள் ஏறக்குறைய முழுதாக அழிந்தன. ட்ரூஸ் யார்டில் ஒரு சிறு முற்றமும் இரண்டு குடிசைகளும் மட்டும் அருங்காட்சியகமாகத் தங்கியிருக்கின்றன. வணிகர் மாளிகைக்குக் கிடைத்த மதிப்பு மீனவர் வீட்டுக்குக் கிடைக்காதது எனக்கு ஆற்றாமையான விஷயம்.

சரி, ஜான் மன்னர். 1216 அக்டோபரில் அவர் லின்னில் தங்கிவிட்டுக் கிளம்பினார், வாஷ் கழிமுகத்தைக் கடக்கும்போது அவருடைய சாமான் வண்டிகளில் சில கடலேற்றத்திலும் புதைமணலிலும் மாட்டி அழிந்தன, சில நாட்களில் அவர் நியூவார்க்கில் இறந்தார். இவ்வளவும் உறுதி. எவ்வளவு தொலைந்தது என்பதில் அக்கால எழுத்தாளர்களே முரண்படுகிறார்கள். ஒருவர் முழு படையும் மூழ்கியது போல எழுதுகிறார், இன்னொருவர் சிறு இழப்பாகச் சொல்கிறார். நான் இரண்டாமவரை நம்புகிறேன். அன்று கழிமுகமாக இருந்த இடம் இன்று உழுத வயல், யாரும் எதையும் கண்டெடுத்ததில்லை. நகர மண்டபத்தில் வைத்திருக்கும் ‘ஜான் மன்னர் கிண்ணம்’ மிக அழகான பொருள், ஆனால் அது 1340 வாக்கில் செய்யப்பட்டது. அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு.

ஷேக்ஸ்பியர் விஷயமும் இதே மாதிரி. புனித ஜார்ஜ் மண்டபம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது, அங்கே நாடகங்கள் நடந்தன, 1590களின் தொடக்கத்தில் பெம்புரோக் பிரபுவின் நடிகர் குழு ஊருக்கு வந்தது. இவை பதிவில் உள்ளவை. அந்தக் குழுவில் ஷேக்ஸ்பியர் இருந்தாரா என்பதற்கு ஆவணம் கிடையாது. இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

நேரில் போக வாய்த்தால், புனித மார்கரெட் தேவாலயத்தின் மேற்கு வாசலில் வெள்ளம் ஏறிய உயரங்களைச் செதுக்கியிருக்கிறார்கள், அதைப் பாருங்கள். மேலே கோபுரத்தில் நிலாக் கடிகாரம் ஒன்று உண்டு. அதில் எண்களுக்குப் பதிலாக ‘லின் ஹை டைட்’ என்ற ஆங்கில எழுத்துகள் வட்டமாக இருக்கும். ஒரு டிராகனின் நாக்கு கடல் ஏறும் நேரத்தைக் காட்டும். ஆவணங்களில் ஆர்வம் இருந்தால் நகர ஆவணக் காப்பகத்தைத் தேடிப் போங்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து காகிதத்தில் எழுதப்பட்ட சிவப்புப் பதிவேடு அங்கே இருக்கிறது. இங்கிலாந்தில் தோலுக்குப் பதில் காகிதத்தில் எழுதிய நகரப் பதிவுகளில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று.